சர்க்கரை மணலாகும் அரை மணி நேரம்

சிறுகுறிஞ்சான் இலை இரண்டை வாயில் போட்டு நன்றாக மெல்லுங்கள். சாறு நாக்கு முழுக்கப் படரும்படி ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுத் துப்புங்கள். முதலில் கசக்கும். அது அடங்கிய பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்து நாக்கில் வையுங்கள். இனிக்காது, மணலை வைத்தது போல நறநறக்கும். ஜிலேபியைக் கடித்தால் மாவும் எண்ணெயும் மெல்லிய புளிப்பும் தெரியும், இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். உப்பு உப்பாகவே இருக்கும், புளி புளியாகவே இருக்கும். அரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆனபின் இனிப்பு மெல்லத் திரும்பி வரும்.

நம் நாட்டு மருத்துவத்தில் இந்தக் கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்றே ஒரு பெயர் உண்டு. வேலியோரங்களில் தானாகப் படர்வது. காய்ந்த இலையையும் பொடியையும் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் தருவார்கள். எட்ஜ்வொர்த் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்த இலையை மென்ற பிறகு டீயில் இனிப்பு தெரியவில்லை என்று கவனித்த செய்தி 1847-இல் பதிவாகியிருக்கிறது. அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, உதகமண்டலத்தில் சென்னை மாகாண அரசின் கொய்னா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் இலையைப் பகுத்துப் பார்த்தார். இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயரிட்டார். அந்தக் கட்டுரை 1887-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நீலகிரியில் நடந்த இந்த வேலை நம் பள்ளிப் பாடங்களில் ஏன் இல்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இந்த இலையை இன்று புதுச்சேரியில் வைத்துப் பேச ஒரு காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. 20 வயதைக் கடந்தவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்திய அளவில் 11.4 சதவீதம். கோவாவில் 26.4, புதுச்சேரியில் 26.3. நாட்டிலேயே இரண்டாவது இடம். பெரிய மார்க்கெட்டில் காலை நேரத்தில் தோளோடு தோள் உரசி நடக்கிற நான்கு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இதை வாசிக்கலாம்.

அந்த மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரில் அது குபேர் அங்காடி. ஊர் வாயில் என்றும் பெரிய மார்க்கெட். நேரு வீதிப் பக்கமிருந்து உள்ளே நுழைந்தால் பூ, காய், பழம், மளிகை, மீன் என்று வாசனை மாறிக்கொண்டே போகும். வெல்லம் உருண்டையாகவும் அச்சாகவும் இருக்கும். கருப்பட்டி, பனங்கற்கண்டு, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, உலர் திராட்சை எல்லாம் இருக்கும். வெளியே வந்தால் ரோஸ்மில்க், கரும்புச் சாறு, பேக்கரி. அருகே கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை இருக்கிறது. இனிப்புக்குப் பஞ்சமே இல்லாத வட்டாரம் இது. இங்கே நின்றுகொண்டு ஒருவரிடம் “வாயைக் கட்டு” என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. ஆசை எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால்தான் அதோடு பேச முடியும்.

நாக்கிலிருந்து தொடங்குவோம். சுவை மொட்டுகளில் உள்ள செல்களின் மேல் டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் இணைந்து நிற்கின்றன. சர்க்கரை மூலக்கூறு அதில் வந்து ஒட்டினால் செல் கிளர்ந்து மூளைக்குச் செய்தி போகும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்தப் புரதங்கள் அடையாளம் காணப்பட்டன. ஜிம்னிமிக் அமிலம் போய்ப் பிடித்துக்கொள்வது இந்த டி1ஆர்3-இன் ஒரு பகுதியை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் அது வேலை செய்கிறது. எலிக்குச் செய்வதில்லை, எலியின் புரதம் சற்றே வேறு. பூனையின் கதை இன்னும் விசித்திரம். டி1ஆர்2-க்கான மரபணு பூனையிடம் பழுதாகிவிட்டது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். மீன் கடைகளைச் சுற்றிவரும் பூனை பழக்கடைப் பக்கம் திரும்பாததில் வியப்பில்லை. ஊனை மட்டுமே தின்று வாழும் விலங்குக்கு இனிப்பை அறிய வேண்டிய தேவையும் இல்லை. நாம் பழம் தின்ற குரங்குகளின் வழி வந்தவர்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரை நீர் பட்டால் முகம் மலர்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நாக்கோடு விஷயம் முடிந்துவிட்டால் எளிதாக இருந்திருக்கும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸூக்கரின் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு வேறு ஒன்றைச் சொன்னது. எலிகளுக்கு ஒரு புட்டியில் சர்க்கரை நீர், இன்னொன்றில் செயற்கை இனிப்பூட்டி கலந்த நீர். முதலில் இரண்டையும் குடித்தன. ஓரிரு நாளில் ஏறக்குறைய எல்லாமே சர்க்கரைப் புட்டிக்கு மாறிவிட்டன. இனிப்புச் சுவையே தெரியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளும் அப்படியே மாறின. சிறுகுடலின் சுவரில் இருக்கும் செல்கள் குளுக்கோஸ் வந்திருப்பதை உணர்ந்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு நேரடியாகச் சொல்லிவிடுகின்றன. இனிப்பூட்டி அந்தச் செல்களை எழுப்புவதில்லை. டயட் பானம் குடித்த பிறகும் மனம் எதையோ தேடுகிறது என்று பலர் சொல்வதை நான் இதோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். எடையைக் குறைப்பதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் அறிவுரை சொன்னது.

சிறுகுறிஞ்சானின் எல்லையும் இங்கே தெரிகிறது. வாயிலிட்ட இலை நாக்கின் செய்தியை நிறுத்தும். ஏற்கெனவே குடலுக்குள் போன சர்க்கரையின் செய்தியை அதனால் நிறுத்த முடியாது. ஆனாலும் இன்னொரு லட்டை எடுக்கலாமா என்று கை நீளும் அந்தச் சில நிமிடங்களுக்கு அது உதவும். ஜிம்னிமிக் அமிலம் கலந்த மாத்திரையைச் சப்பியவர்கள் பிறகு சாக்லேட்டைக் குறைவாகவே எடுத்தார்கள் என்று வெளிநாட்டுச் சோதனைகள் காட்டுகின்றன. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மென்று துப்புவது வேறு, பொடியாகத் தினமும் விழுங்குவது வேறு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பாயசத்துக்கு மட்டும் இடம் இருப்பது எப்படி? கல்யாணப் பந்தியில் எல்லோரும் கண்டதுதான். ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவையின் மீதான நாட்டம் மட்டும் குறைகிறது, புதிய சுவைக்கான நாட்டம் அப்படியே இருக்கிறது என்று 1980-களிலேயே பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார். 2025-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் இன்னும் உள்ளே போனார்கள். மூளையில் “போதும்” என்று அறிவிக்கிற அதே நரம்பு செல்கள், சர்க்கரை வந்ததும் உடலின் சொந்த அபின் போன்ற பீட்டா எண்டார்பினையும் வெளிவிடுகின்றன. வயிறு நிறைந்த எலிகளில் இந்தப் பாதையை அடைத்தபோது அவை மேற்கொண்டு சர்க்கரையைத் தின்னவில்லை. பசித்த எலிகளிடம் அடைப்பு எந்த மாற்றமும் செய்யவில்லை. நிறைந்த வயிற்றுக்கு என்றே ஓர் ஆசை அமைந்திருக்கிறது! இதைப் படித்த அன்று, இரண்டாவது முறை பாயசம் கேட்கும் என் உறவினர்களைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. அவர்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல இப்போது வாய் வரவில்லை.

சரி, இதை வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் என்ன செய்வது?

முதலில் டீக்கடை. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரையை அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வையுங்கள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கு. 2000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்றால் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு டீயில் இரண்டு கரண்டி போட்டால் மூன்றாவது டீயோடு அன்றைய கணக்கு முடிந்தது. மாலையில் மைசூர்பாகு தின்ன இடமில்லை. “சுகர் கம்மி” என்று சொல்லத் தொடங்குவதுதான் இந்த ஊரில் மிக மலிவான மருத்துவம் என்பேன். நாக்கு அதற்குப் பழகுமா? பிலடெல்பியாவின் மோனல் ஆய்வு மையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் சிலர் மூன்று மாதம் சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்துச் சாப்பிட்டார்கள். மூன்றாம் மாதம் அதே புட்டிங் அவர்களுக்கு முன்னைவிட அதிகமாக இனித்தது. இனிப்பின் மீதான விருப்பம் குறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைந்த சர்க்கரையிலேயே நிறைந்த இனிப்பு கிடைக்கிறது, அதுவே பெரிய லாபம்.

அடுத்தது ஜில்லென்ற பானம். இனிப்புச் செய்தியைக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்ற புரதம் வெப்பத்துக்கு ஏற்ப வேலை செய்கிறது: குளிரில் மந்தம், வெதுவெதுப்பில் சுறுசுறுப்பு. அதனால்தான் உருகி வெதுவெதுப்பான ஐஸ்கிரீம் திகட்டுகிறது. அதே திகட்டல் குளிர்ந்தபோது தெரியவில்லை என்பதற்காகச் சர்க்கரை அங்கே இல்லாமல் போகவில்லை. ஜில்லென்று பரிமாறும் எதிலும் இனிப்பு தூக்கலாகத் தெரிய வேண்டுமானால் சர்க்கரையைக் கூடுதலாகக் கொட்டித்தான் ஆக வேண்டும். மே மாத வெயிலில் மார்க்கெட் வாசலில் ஒரே மூச்சில் குடிக்கும் குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கலாம். 300 மில்லி புட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாகத்துக்கு இளநீரும் மோரும் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

வெல்லமும் தேனும் நல்லது, வெள்ளைச் சர்க்கரைதான் கெட்டது என்பது இங்கே ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, மணம் உண்டு. பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். தேனையும் பழச்சாற்றையும்கூட உலக சுகாதார நிறுவனம் அந்த 25 கிராமுக்குள்ளேயே சேர்க்கிறது. முழுப் பழத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே எனக்குப் பிடித்த இடம் மார்க்கெட்டின் பழப் பகுதிதான். கொய்யா விற்கிற அம்மா “பழமா, செங்காயா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு வேதியியல் இருக்கிறது. வாழைக்காய் பழுக்கும்போது அதன் மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் சர்க்கரையாகிறது. தோலில் புள்ளி விழுந்த பழம் அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டம். சர்க்கரை நோயாளிக்குப் புள்ளி விழாத சின்ன ஏலக்கி ஒன்றும், மென்று தின்னும் செங்காய்க் கொய்யாவும் நல்ல தேர்வு. கொய்யாவின் நார்ச்சத்து 100 கிராமுக்கு 5 கிராம். அதன் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகவே ஏறும். அதையே மிக்சியில் அடித்து வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை மட்டும் தங்கும்.

காலைச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதினொரு மணி ஆசைக்கு விதை எட்டு மணிக்கே விழுகிறது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை தொடக்க அளவுக்கும் கீழே சரிகிறவர்கள் சீக்கிரம் பசித்து அதிகம் உண்கிறார்கள் என்று 2021-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இந்தியர்களின் ஆற்றலில் 62 சதவீதம் கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது, அதிலும் வெள்ளரிசி பெருமளவு. வெறும் இட்லி நான்கைவிட, இரண்டு இட்லியும் ஒரு முட்டையும், அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் பதினொரு மணியைத் தாங்கும். சுண்டலை மாலையில் கடற்கரையில் மட்டும் தின்ன வேண்டும் என்று சட்டமில்லை.

விருந்தில் இலையின் ஓரத்தில் முதலில் இனிப்பு வைப்பது நம் வழக்கம். வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. உண்ணும் வரிசையை மாற்றலாம். காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றையும் இனிப்பையும் பின்னால் வைத்தால் ரத்தச் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. நிறைந்த வயிறும் இனிப்பு கேட்கும் என்று பார்த்தோம் அல்லவா, அதற்கு ஒரு துண்டு கொடுங்கள். உட்கார்ந்து, மென்று, ஏலக்காய் வாசனையை உணர்ந்து தின்னுங்கள். கிறிஸ்துமஸுக்குப் புதுச்சேரி வீடுகளில் செய்கிற ரவையும் முந்திரியும் சேர்ந்த விவிக்கம் கேக்கை ஆண்டு முழுக்க மறுத்துவிட்டு வாழ்வதில் எனக்கு நம்பிக்கையில்லை.

இவ்வளவையும் படித்தவர்கள் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். சர்க்கரை நோய் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடம்பில் இருக்கும். 30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். அடுத்த முறை மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, வழியில் அதை முடித்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.