மாலை கழற்றிய மறுநாள்

கண்டி மாநகரின் தலதா மாளிகையையும் அதனருகே விரிந்த ஏரியையும் கண்டு களித்துத் திரும்பும் யாத்திரிகர் பலரும், அந்நகரைச் சூழ்ந்த ஹேவாஹெட்ட, கலஹா, புசல்லாவ, நாவலப்பிட்டி முதலான மலைச்சாரல்களில் வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே கார்த்திகை பிறந்ததும் ஆண்டுதோறும் நிகழும் ஓர் அதிசயத்தை அறியமாட்டார்கள். நாள்தோறும் வேலை முடிந்த கையோடு தவறணையை நாடிய மனிதர், கழுத்தில் ஐயப்பன் மாலை ஏறிய கணம் முதல் 41 நாட்கள் சாராயத்தைத் திரும்பியும் பாராமல் இருக்கிறார். லயத்துப் பிள்ளைகள் அவரைச் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள்; நேற்றுவரை அவரைக் கண்டால் கதவடைத்தவர்கள் இன்று கை கூப்புகிறார்கள். ஆனால், ஐயப்ப யாத்திரை முடிந்து மாலை கழற்றிய மறுநாளே இத்தகையோருள் சிலரைப் பழைய வழியில் காண்கிறோம்.

இதைக் கண்டு, பக்தி போதாது என்றோ மனவுறுதி இல்லை என்றோ தீர்ப்புக் கூறுவது சுலபம். அந்த விரத காலத்தில் அவருக்கு என்னென்ன கிடைத்தன என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் வேறாகத் தோன்றும். விடியற்காலை நீராடல், மாலையில் பஜனை, கூடவே விரதம் காக்கும் தோழர்கள், மரியாதையான பார்வை, எல்லாவற்றுக்கும் மேலாக ‘நான் இன்னார்’ என்று நிமிர்ந்து சொல்லத்தக்க ஒரு ஸ்தானம் ஆகிய இவையனைத்தும் மாலையோடு வந்து மாலையோடு போய்விட்டன. குடியை விடுவது ஒரு காரியம். விட்டபின் யாராக வாழ்வது என்பது அதனினும் பெரிய காரியம். முன்னதற்கு மருந்துண்டு; பின்னதற்கு மனிதரும் காலமும் வேண்டும்.

மலையகத்தில் குடி வேரூன்றிய வரலாறு தனிமனித பலவீனத்தின் வரலாறு மட்டுமன்று. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டதைத் தொடர்ந்து பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்த காலத்தில், சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டு ஆங்கில அரசாங்கம் பொருளீட்டியது. குத்தகை எடுத்தோரும் செல்வந்தராயினர். குளிரும் மழையும் ஓயாத உழைப்பும் ஒரு புறமிருக்க, சம்பள நாளன்று கூலியை வாங்கிக்கொள்ளத் தவறணை மறுபுறம் காத்திருந்தது. 1912-இல் கள்ளுக்கடைகள் பெருக வழி திறந்தபோது எஃப். ஆர். சேனாநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலானோர் முன்னின்று நடத்திய மதுவிலக்குக் கிளர்ச்சி இலங்கை அரசியலையே அசைத்தது. சாராயத்துக்குக் காசில்லாதவருக்கு இன்று கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் இருக்கிறது.

நெடுநாள் குடித்த உடல், குடியைத் திடீரென நிறுத்தினால் கலங்கிப்போகும். கைந்நடுக்கமும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, கடுமையாகக் குடித்துவந்தவர் வைராக்கியத்தை மட்டும் நம்பாமல் வைத்தியரின் துணையோடு நிறுத்துவதே நலம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநல சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927 என்ற தொலைபேசி எண்ணிலும், தேசிய மனநல நிறுவகம் 1926 என்ற எண்ணிலும் ஆலோசனை வழங்குகின்றன.

உடல் சில நாட்களில் தெளிந்துவிடும். அதன் பின்னரே அசலான சோதனை தொடங்குகிறது. போதை மறைத்து வைத்திருந்த காட்சிகள் யாவும், அடகுக்குப் போன மனைவியின் தோடும், அடிபட்ட பிள்ளையின் முகமும், வாக்குத் தவறிய நாட்களும், தெளிந்த மனத்தின் முன் வரிசையாக வந்து நிற்கின்றன. ‘நான் இவ்வளவுதான்’ என்ற வெட்கம் எழுகிறது. அந்த வெட்கத்தைத் தாங்கமாட்டாமல் மறுபடியும் குடி. குடித்ததனால் மேலும் வெட்கம். இந்தச் சுழலில் அகப்பட்டவருக்கு உபதேசமும் வசையும் ஒன்றுபோலவே பயனற்றவை. தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்று மனோதத்துவ நிபுணர் கூறுவது, செய்ததற்குச் சமாதானம் தேடுவதன்று. செய்தவன் நான்தான் என்று ஒப்புக்கொள்வதும், ஆயினும் நான் அது மாத்திரமல்லன் என்று அறிவதும் ஒருங்கே நிகழ்வதுதான் அது. முதற்பாதியை மட்டும் கொண்டவர் தம்மைத் தாமே தண்டித்து ஓய்கிறார்; இரண்டாம் பாதியை மட்டும் கொண்டவர் பழைய பிழைகளுக்கே திரும்புகிறார்.

குடியை விட்டவர் தம்மை என்னவென்று அழைத்துக்கொள்வது என்பதில் உலகில் இரு வேறு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நலிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு வைத்தியரும் சந்தித்ததிலிருந்து வளர்ந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சங்கத்தில், பல்லாண்டுகளாக ஒரு துளியும் தொடாதவர்கூட, எழுந்து நின்று தம் முதற்பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்றே அறிமுகம் செய்துகொள்வது வழக்கம். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்ற விடுதலையை அதில் கண்டவர் எண்ணற்றோர். மாறாக, ஹெராயின் பழக்கத்தைச் சிகிச்சையின்றியே கைவிட்ட 101 பேரைச் சந்தித்து 1986-இல் நூலொன்று வெளியிட்ட பாட்ரிக் பியர்னாக்கி என்னும் சமூகவியலாளர், போதையோடு ஒட்டாத ஓர் அடையாளத்தைக் கண்டெடுப்பதே அவர்களுடைய மீட்சியின் அச்சாணி என்று விளக்கினார். பழுதுபடாமல் எஞ்சியிருந்த பழைய உறவையோ தொழிலையோ மீட்டுக்கொண்டவரும் உண்டு; முற்றிலும் புதிதாக ஒன்றை வளர்த்துக்கொண்டவரும் உண்டு. நோயின் பெயரை ஏந்தி நடப்பதா, இறக்கி வைப்பதா என்பது அவரவர் இயல்பைப் பொறுத்தது. அந்தத் தேர்வு அவருடையதாக இருக்கவேண்டும். ஊரார் சூட்டியதாக இருத்தலாகாது.

ஊரார் சூட்டும் பெயர் அவரோடு நிற்பதுமில்லை. கொழுந்து பறித்த கூலியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் மனைவி குடிகாரன் பெண்சாதி ஆகிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கும் அதுவே விலாசமாகிறது. கணவர் டி. டி. ரங்கநாதனை 1979-இல் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மறு ஆண்டே சென்னையில் அவர் பெயரால் சிகிச்சை ஸ்தாபனம் ஒன்றை நிறுவியபோது, நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை அதன் ஆதாரக் கொள்கையாக்கினார். பின்னர் அந்த ஸ்தாபனம் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று, ஊராரின் ஆதரவோடு சிகிச்சை முகாம்கள் நடத்தியது. திருந்தியவர் திரும்பி வாழவேண்டிய ஊரிலேயே, அவர் திருந்துவதைப் பார்த்தவர்களின் நடுவிலேயே சிகிச்சை நடப்பதன் பலன் பெரிது.

அத்தகைய பலனைத் தரவல்ல சாதனங்கள் நம் மலைகளில் இல்லாமலில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் புனைவோர் விரதம் காக்கிறார்கள். தப்படிப்பவரும் பாட்டுச் சொல்பவரும் வேடமிடுவோருக்குச் சுவடு கற்பிப்பவரும் ஆண்டு முழுதும் மதிக்கப்படுகிறார்கள். கோயிற் சபை, மரண உதவிச் சங்கம், மாலைநேர வகுப்பு என்று ஆள் தேடும் பொறுப்புகள் பல உண்டு. குறை எதுவென்றால், குடியை விட்டவரை நாம் நெடுநாள் தூரத்தில் நிறுத்திச் சோதிக்கிறோம்; இன்னும் ஓராண்டு போகட்டும், பார்க்கலாம் என்கிறோம். பொறுப்பு கிடைக்காமையே அவர் மறுபடி வழுக்குவதற்கு ஒரு காரணமாகலாம் என்பதை நாம் எண்ணுவதில்லை.

1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் குடியுரிமைக்காகக் காத்திருந்த மக்கள் இம்மலைகளில் வாழும் இத்தமிழர். 2023-இல், தம் மூதாதையர் வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, தாம் மலையகத் தமிழர் என்று தம்மைத் தாமே பிரகடனம் செய்தவர்களும் இவர்களே. பிறர் இட்ட பெயரின் பாரத்தைத் தலைமுறைகளாகச் சுமந்தறிந்த ஒரு சமூகம், தன் நடுவே திருந்திவரும் ஒரு மனிதரின் மீது அத்தகைய பாரத்தை ஏற்றுவது தகாது. அவர் தம்மை ஏற்றுக்கொள்ளும் முயற்சி அவருடையது. தவறினால் மறுபடி தொடங்கலாம் என்ற துணிவும் அவருக்கு வேண்டும். ஆனால், திருவிழாக் கணக்கை அவர் கையில் ஒப்படைக்கத் துணியவேண்டியது கோயிற் சபைதான். அந்தத் துணிவை எந்த வைத்தியசாலையும் எழுதிக் கொடுக்க இயலாது.