போதகருக்கு ஓய்வு வேண்டுமோ?

ஆறாண்டு பயிரிட்ட நிலத்தை ஏழாம் ஆண்டு ஓய்ந்திருக்க விடுக என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். நிலத்திற்கே ஓய்வு வேண்டுமெனின், பல ஆத்துமாக்களின் துயரைச் சுமக்கும் போதகருக்கு வேண்டாமோ? சூரைச்செடியின் கீழிருந்து சாவை வேண்டிய எலியாவுக்குத் தேவன் முதலில் அருளியது கண்டனமன்று. உறக்கமும் அடையும் தண்ணீருமே. மதுரை அமெரிக்க மிஷனார், உடனூழியர் பலர் நோயால் மடியக் கண்டே, 1845-இல் கொடைக்கானலில் இல்லங்கள் அமைத்தனர்.

ஓய்வைச் சோம்பலென்பார் சாரற்காலத்தில் குற்றாலம் சென்று பேரருவியை நோக்குக. உச்சியினின்று விழும் நீர் நேரே தரையை அடைவதில்லை. இடையே பொங்குமாகடலில் தங்கி, நிறைந்து, பின்னரே வழிகின்றது. அங்ஙனம் தங்குவதால் வேகம் தணிகின்றது. கீழே நிற்போர் இன்புற்று நீராடுகின்றனர். ஆதலின், சபையார் தம் போதகருக்கு ஓய்வை மனமுவந்து அளிப்பாராக. அவரும் கூசாது ஏற்பாராக.