வாசலில் தொடங்கும் கணக்கு

1956-இல் கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (சி.ஐ.டி.) தொடங்கியபோது கோவையில் பொறியியல் கல்லூரிகள் மூன்றே: அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி. இன்று பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை, அறிவியல் கல்லூரிகளே நூறைத் தாண்டும். படிப்பு பெருகியது கொங்கு நாட்டுக்குப் பெருமை. வளாகத்துக் குப்பையும் கூடவே பெருகியது.

அன்றைய விடுதியில் தூக்கி எறியப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. மெஸ்ஸில் எவர்சில்வர் தட்டு, கேன்டீனில் கண்ணாடி டம்ளர், குழாயைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர். விருந்தென்றால் வாழை இலை. பந்தி முடிந்ததும் இலை மாட்டுக்கு, கழுநீர் பக்கத்துத் தோட்டத்துத் தொட்டிக்கு, மிச்சம் எருக்குழிக்கு. டிராஃப்டரும் லேப் கோட்டும் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறின. ரெக்கார்டு நோட்டில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்து அடுக்கி, பைண்டிங் கடையில் தைத்து வாங்கினால் அடுத்த வருடத்துக்கு ரஃப் நோட்டு தயார். எழுதிய தாள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போனது. இதற்கெல்லாம் விழிப்புணர்வு ஊர்வலம் தேவைப்படவில்லை. காசின் அருமை தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்.

இன்று இரவானால் விடுதி வாசலில் உணவு டெலிவரி வண்டிகள் வரிசைகட்டுகின்றன. ஒரு பிரியாணிக்கு ஒரு டப்பா, தயிர்ப் பச்சடிக்கு ஒரு கிண்ணம், குழம்புக்கு ஒரு கவர், ஒரு ஸ்பூன், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பை. சாப்பிட்டு முடித்த கையோடு ஐந்தும் தொட்டிக்குப் போகின்றன.

ஆனாலும் அன்றைய நாளில் எல்லாம் சரியாக இருந்துவிடவில்லை. மிஞ்சிய குப்பையை மூலையில் குவித்துக் கொளுத்துவார்கள். ஆய்வகக் கழிவு சிங்க் குழாய் வழியே சாக்கடையில் கலக்கும். நாப்கினை எங்கே போடுவதென்று கேட்கவே பெண்கள் கூச்சப்பட்டார்கள். எல்லாவற்றையும் வெறுங்கையால் அள்ளியவர் தூய்மைப் பணியாளர்.

இன்று அதற்கெல்லாம் விதி இருக்கிறது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்களை 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனியாக அடையாளம் கண்டன. மக்குவது, மக்காதது, அபாயமானது என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. அறிவும் வளர்ந்திருக்கிறது. தென்னை நார்க்கழிவைக் காளான் பூஞ்சையால் மட்கவைத்து உரமாக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குக் கொண்டு சேர்த்தது. பழைய பெட் பாட்டில் கரூரில் துணியாகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல மேல்சட்டை அப்படிப் பிறந்ததுதான்.

இத்தனைக்கும் பிறகு, பிரிக்காமல் விட்டதெல்லாம் போய்ச் சேரும் இடம் வெள்ளலூர். சுமார் 650 ஏக்கர் கிடங்கு அது. 2024 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்தபோது புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றுவட்டார மக்கள். டப்பாவை வாங்கியவர்கள் வேறெங்கோ இருந்தார்கள்.

வந்து சேர்ந்த குப்பையை என்ன செய்வதென்று இன்றைய வளாகத்துக்குத் தெரியும். அன்றைய வளாகம் அதை உள்ளே வரவிடாமலே இருந்தது. மூன்று தொட்டி வைத்த கல்லூரி, கேன்டீனில் கண்ணாடி டம்ளரையும், வராண்டாவில் நல்ல குடிநீர்க் குழாயையும், சீனியரின் லேப் கோட் ஜூனியருக்குப் போக ஓர் அலமாரியையும் வைக்கட்டும். தொட்டி நிறைவதை அளப்பதோடு, வாசல் வழியே உள்ளே வருவதையும் அளக்கத் தொடங்கினால் இரண்டு காலத்து நன்மையும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.