உங்களுக்குத் தெரியுமா? கரஸ் பட்டமும் வேலையும்

★ திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்தில் 'கரஸ்ல படிச்சேன்', அதாவது அஞ்சல் வழியில் படித்தேன் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம் என்று யாரும் கேட்பதில்லை. சிதம்பரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது 1979இல். மதுரைப் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே 1971இல் தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல். நாட்டிலேயே முதலில் அஞ்சல் வழியில் பாடம் நடத்தியது டெல்லிப் பல்கலைக்கழகம், 1962இல். கல்யாணமாகி வந்த பெண்கள், நெய்வேலியில் ஷிஃப்டு பார்த்தவர்கள், பஸ் கண்டக்டர்கள், இடைநிலை ஆசிரியர்கள் என்று கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத எத்தனையோ பேரை இந்த முறைதான் பட்டதாரி ஆக்கியது. இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் அந்த மனிதர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

★ லாபத்துக்காகப் பல்கலைக்கழகம் நடத்த இந்தியச் சட்டத்தில் இடமில்லை. தனியார் நடத்தினாலும் அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, லாப நோக்கமற்ற கம்பெனியாகவோதான் இருக்க வேண்டும். நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. ஏட்டில் நிலைமை இதுதான். ஆனால் 'ஒரே வருஷத்தில் டிகிரி' என்று கடைத்தெருவில் பேனர் கட்டி, தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று ஆள் சேர்க்கும் இடத்தில் நடப்பதற்கு வியாபாரம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

★ லாபத்துக்கு நடத்தும் பல்கலைக்கழகங்களை வெளிப்படையாக அனுமதிக்கும் நாடு அமெரிக்கா. அங்கே வேலை கொடுப்பவர்கள் அந்தப் பட்டத்தை மதிக்கிறார்களா என்று பொருளாதார அறிஞர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கற்பனையான விண்ணப்பங்களைத் தயாரித்து, படித்த இடத்தை மாற்றி மாற்றி எழுதி, நிஜ வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். முடிவு 2016இல் வெளியானது. வணிகப் படிப்பில், லாப நோக்கில் நடக்கும் பெரிய ஆன்லைன் நிறுவனத்தில் பட்டம் வாங்கியவருக்கு, சாதாரண அரசுக் கல்லூரியில் படித்தவரைவிட அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம் குறைவாக இருந்தது. ஆய்வுக் குழுவில் இருந்த கிளாடியா கோல்டின் 2023இல் நோபல் பரிசு பெற்றவர்.

அதே ஆய்வில் நமக்குப் பயன்படும் இன்னொரு செய்தியும் உண்டு. மருத்துவத் துறை வேலைகளில், தனியாகத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டிய பணிகளுக்கு, எங்கே படித்தார் என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. லைசென்ஸ் தேவைப்படாத பணிகளில்தான் கல்லூரியின் பெயர் இடித்தது. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொதுத் தேர்வு ஒன்று நடுவில் இருக்கும்போது கரஸா ரெகுலரா என்ற பேச்சு பின்னால் போய்விடுகிறது. பட்டம் செல்லுமா என்பது மட்டும்தான் கேள்வி.

★ 'பெரிய கம்பெனிகளோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, படித்து முடித்தால் வேலை' என்ற விளம்பரம் நம் ஊரில் பழகிப்போன ஒன்று. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகமும் அப்படித்தான் மைக்ரோசாஃப்ட், ஏடி அண்ட் டி போன்ற பெயர்களைக் காட்டி விளம்பரம் செய்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2019இல் 19.1 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. அதில் 14.1 கோடி டாலர், மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டியிருந்த பாக்கியின் தள்ளுபடி.

★ திறந்தநிலைப் பட்டம் பற்றிய மிக முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று நம் சிதம்பரத்தின் பெயரிலேயே இருக்கிறது. 26.2.2009 அன்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்ந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: இளங்கலை படிக்காமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது. சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவியை ஒட்டி எழுந்த வழக்கு அது. ஒரே ஒரு பதவிக்காகத் தொடங்கிய வழக்கு, நேரடி எம்.ஏ. வாங்கி வைத்திருந்த எல்லோருடைய சான்றிதழையும் தொட்டுவிட்டது.

★ அந்த ஆண்டே ஆகஸ்ட் 18 அன்று தமிழக அரசு அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்றது. 'டென், பிளஸ் டூ, பிளஸ் த்ரீ' என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். பிளஸ் டூ எழுதாமல் பட்டம் வாங்கி, பிறகு எம்.ஏ.வும் வாங்கியவர், அந்த எம்.ஏ.யில் முதல் வகுப்பே எடுத்திருந்தாலும் இந்த வரிசையில் நிற்க முடியாது. சட்டம் படிக்க வேண்டும் என்றாலும் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் இதே தடையை வைத்திருக்கின்றன.

பிளஸ் டூ முடிக்காத பிள்ளைக்கு 'நேரா டிகிரி போட்டுடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வருஷம் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் பின்னால் வரும் எல்லாப் பட்டத்துக்கும் அதுதான் அடிமானம்.

★ பி.இ.யை அஞ்சலில் படிக்கலாமா? கூடாது. ஒரிசா பாசனக் கழகம் ஒன்றில் பதவி உயர்வு தொடர்பாக எழுந்த வழக்கில் 3.11.2017 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் அதில் சிக்கின. அந்த நான்கில் சேலத்து விநாயகா மிஷன்ஸும் ஒன்று. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தாகிவிட்டது. வேலையில் சேர்ந்து, புரமோஷனும் வாங்கி, பிள்ளை குட்டியோடு இருந்தவர்கள் மறுபடி புத்தகத்தை எடுத்துக்கொண்டு தேர்வு அறைக்குப் போக வேண்டியதாயிற்று.

★ பொறியியல் மட்டுமல்ல. மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், விவசாயம், கட்டடக்கலை ஆகிய எதையும் ஆன்லைனிலோ தொலைதூர முறையிலோ பட்டமாகக் கொடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதிப்பதில்லை. பிஎச்.டி.க்கும் அனுமதி இல்லை. 'ஆன்லைன் பிஎச்.டி.' என்று போன் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

★ அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் தொடங்கப்பட்டு, அவர் குடும்பத்தாரின் பொறுப்பில் நடந்து வந்தது. கடுமையான நிதி நெருக்கடி வந்தபோது 2013இல் தனிச் சட்டம் இயற்றித் தமிழக அரசு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. அரசின் கைக்கு வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்றுதான் கடலூர் மாவட்டத்துப் பெற்றோர் நினைத்தார்கள்.

2022 மார்ச்சில் யுஜிசி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் கொடுத்தோம், அதற்குப் பிறகு நடத்தியவற்றுக்கு அங்கீகாரம் இல்லை என்று அதில் இருந்தது. ஏழு ஆண்டு கழித்து வந்த அறிவிப்பு! நடுவில் சேர்ந்தவர்கள் பணம் கட்டியிருந்தார்கள், செமினார் வகுப்புக்குப் போயிருந்தார்கள், தேர்வு எழுதியிருந்தார்கள். பட்டம் வாங்கி வேலைக்கு விண்ணப்பித்தவர்களும் அவர்களில் உண்டு. ஒழுங்குமுறை அமைப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள தகராறில் மாணவர் என்ன தவறு செய்தார்? அனுமதி இல்லை என்றால் அட்மிஷன் நடக்கும் மாதத்திலேயே ஊர் ஊராகச் சொல்லியிருக்க வேண்டும். பட்டம் கொடுத்த பிறகு சொல்வது அநியாயம். இந்தக் கருத்தில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

★ ஆகவே, 'பேர் பெற்ற பல்கலைக்கழகம்தானே' என்ற நம்பிக்கை மட்டும் போதாது. நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தில் எம்.காம்.க்கு அனுமதி இருந்து வேறொரு பாடத்துக்கு இல்லாமல் போகலாம்.

★ முறையான அனுமதியோடு வாங்கிய தொலைதூரப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் ரெகுலர் பட்டத்துக்குச் சமம். 2020ஆம் ஆண்டு யுஜிசி விதிகளில் 22ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. 2022 செப்டம்பரில் யுஜிசி இதை மறுபடியும் விளக்கி அறிவித்தது. 'கரஸ் செல்லாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் அலுவலர் முன் இந்த விதி எண்ணைச் சொல்லுங்கள்.

★ புதிய பட்டச் சான்றிதழை வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்த முறையில் படித்தீர்கள், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் முடித்தீர்கள் என்பதெல்லாம் தொலைதூர, ஆன்லைன் பட்டங்களில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. 'சர்டிபிகேட்ல ஆன்லைன்னு போடவே போடாது சார்' என்று ஆசை காட்டும் ஏஜெண்டு பொய் சொல்கிறார். மூன்று வருஷப் படிப்பை முந்தைய தேதி போட்டு ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் உங்களைக் குற்றத்தில் பங்காளி ஆக்குகிறார்.

★ அரசு வேலையில் சேர்ந்ததும் உங்கள் சான்றிதழ்கள் பல்கலைக்கழகத்துக்கே போகும். 'உண்மைத்தன்மை' வந்துவிட்டதா என்று அலுவலகத்தில் கேட்பது இதைத்தான். அது வராமல் பல காரியங்கள் இழுத்தடிக்கும். தனியார் கம்பெனிகளும் வெளி நிறுவனங்களை வைத்து இதே சோதனையைச் செய்கின்றன. ஆக, இன்டர்வியூவில் கேட்கவில்லையே என்று நிம்மதி அடைய முடியாது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூடக் கேள்வி வரும்.

★ ஆசிரியர்கள் கரஸில் எம்.ஏ., எம்.எட். என்று அடுக்கடுக்காகப் படித்ததற்கு ஒரு காரணம் ஊக்க ஊதியம். உயர்கல்விக்கான அந்த முன் ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் தமிழக அரசு நிறுத்தியது.

★ சிங்கப்பூர் போகிறவர்களுக்கு: 2023 செப்டம்பர் முதல் அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்கும்போது, பட்டத்தைத் தகுதியாகக் காட்டினால் அது உண்மையானது என்ற சரிபார்ப்புச் சான்றும் வைக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் ரெகுலரா, தொலைதூரமா என்று படித்த முறையையும் கேட்கிறார்கள். இங்கே செல்லும் பட்டம் அங்கே சில வேலைகளுக்குப் போதாமல் போகலாம். விசாவுக்குப் பணம் கட்டும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

★ எல்லாக் கல்வி நிறுவனமும் ஆன்லைன் பட்டம் கொடுத்துவிட முடியாது. கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் குறைந்தது 3.26 புள்ளி, அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இடம் என்று 2020 விதிகள் வரையறுத்தன. தன் வேலையைக் கல்வி ஆப் கம்பெனிக்கு ஃபிரான்சைஸ் கொடுப்பதும் கூடாது என்று 2022 ஜனவரியில் யுஜிசியும் ஏ.ஐ.சி.டி.இ.யும் எச்சரித்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்று ஆப்கள் விற்பவை இங்கே செல்லாது என்று 2023 டிசம்பரில் இன்னொரு எச்சரிக்கை வந்தது.

★ ஆன்லைன் என்றாலே தரக்குறைவு என்பவர்களுக்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு, இன்று பி.எஸ். பட்டமாக நடக்கிறது. பாடம் வீட்டில் இருந்தபடி. தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பார்த்து எழுதிய பட்டம் என்று யாரும் அதைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இந்த ஒரு ஏற்பாடுதான். எங்கே சேர்ந்தாலும் 'தேர்வு எங்கே, எப்படி நடக்கும்?' என்று முதலில் கேளுங்கள்.

★ 2022 ஏப்ரல் முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம். திட்டக்குடி அரசுக் கலைக் கல்லூரியிலோ, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரியிலோ பகலில் ரெகுலராகப் படித்துக்கொண்டே, இன்னொன்றை ஆன்லைனிலோ தொலைதூர முறையிலோ சேர்த்துக்கொள்ள யுஜிசி இடம் தந்திருக்கிறது.

★ அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ள எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் உரிமை இல்லை என்று 2018இல் யுஜிசி அறிவித்திருக்கிறது. கமிஷன் ஏஜெண்டுக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

★ 2024 முதல் தொலைதூர, ஆன்லைன் படிப்பில் சேர யுஜிசி தளத்தில் மாணவரே டெப் ஐடி என்ற எண்ணை எடுக்க வேண்டும். அதே தளத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்ற பட்டியலும் இருக்கிறது. வீட்டில் இன்டர்நெட் இல்லை என்றால் இ-சேவை மையத்துக்கோ பிரவுசிங் சென்டருக்கோ போய்ப் பாருங்கள். உங்கள் பாடம் இருக்கும் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து, ஃபீஸ் ரசீதோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நாளை யாராவது கேள்வி எழுப்பினால், சேர்ந்த நாளில் அனுமதி இருந்தது என்று காட்ட உங்கள் கையில் ஓர் ஆதாரமாவது இருக்கட்டும்.