தலைகுனிந்த பழம்

தென்கிழக்குப் பிரான்ஸின் வார் மாவட்டத்தில், கபோ ஆற்றங்கரையில் சோலியெஸ்-போன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை அங்கே அத்தி அறுவடை. பிரான்ஸில் சந்தைக்காக விளையும் அத்தியில் பெரும்பங்கு இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. கருநீலத் தோல், பிட்டால் உள்ளே செக்கச்சிவந்த சதை. வேறு ஊர்ப் பழத்தை இந்தப் பெயரில் விற்க முடியாதபடி 2006-ல் சட்டக் காப்பும் கிடைத்தது.

இந்தப் பழத்தை அதன் ஊரிலேயே, அதன் பருவத்திலேயே சாப்பிட வேண்டும் என்று அங்குள்ளவர்கள் சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இதில் ஊர்ப்பெருமையைவிட உயிரியல் அதிகம். மாங்காயைப் பறித்து வைக்கோலில் மூடிப் பழுக்க வைக்கலாம். அத்தியிடம் அது பலிக்காது. அத்திக்காய் முதலில் வேகமாகப் பருக்கும். பிறகு வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். கடைசிச் சில நாட்களில்தான் திடீரென்று உப்பி, நிறம் மாறி, இளகும்; சர்க்கரையில் பெரும்பகுதி அப்போதுதான் இலைகளிலிருந்து வந்து இறங்கும். அதற்கு முன் பறித்துவிட்டால் பழம் மெத்தென்று ஆகலாம், இனிக்காது. முழுதாகப் பழுத்த பின் பறித்தாலோ சில நாள்தான் தாங்கும்.

அதனால் கண்தான் கருவி. காம்பு துவண்டு பழம் தலைகுனிய வேண்டும். தோலில் மெல்லிய வெண்கீறல்கள் ஓட வேண்டும். அடியில் உள்ள சிறு துளையில் தேன்துளி ஒன்று திரண்டு நிற்க வேண்டும். காம்பை ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும். அது கையில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். அந்தப் பாலில் ஃபிசின் என்ற நொதியும் உண்டு. மத்தியதரைக்கடல் நாடுகளில் பழங்காலத்திலிருந்தே ஆட்டுப்பாலை உறைய வைக்க இது பயன்பட்டது.

அந்தத் தேன்துளி நிற்கும் துளையில்தான் முழு அதிசயமும் இருக்கிறது. அத்தியில் நாம் பழம் என்று தின்பது, உட்புறமாகச் சுருண்டு மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்து. நூற்றுக்கணக்கான பூக்கள் உள்ளே இருட்டில் பூக்கின்றன. வெளியுலகுக்கு அந்தத் துளை ஒன்றே வழி. அதில் நுழையக்கூடியது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவி. செதில்கள் நெருக்கமாக அடைத்த வழி அது. உள்ளே புகும்போது இறக்கைகளும் உணர்கொம்புகளும் பிய்ந்துபோகும். நுழைந்த குளவி திரும்புவதில்லை.

அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்ற பழமொழி நம் ஆற்றங்கரை அத்திக்கு முற்றிலும் பொருந்தும். அதில் ஒரே பழத்துக்குள் விதையும் விளையும், குளவியும் வளரும். பிரான்ஸில் விளைவது நாம் சீமை அத்தி என்னும் வேறு இனம். அது வேலையை இரண்டு மரங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆண் மரத்தின் காய்களில் குட்டையான சூல்தண்டுள்ள பூக்கள். குளவியின் முட்டையிடும் குழல் அவற்றின் அடிவரை எட்டும், புழுக்கள் அங்கே வளரும். பெண் மரத்தின் பூக்களில் சூல்தண்டு நீளம், குழல் எட்டாது. குளவி கொண்டுவந்த மகரந்தத்தால் விதை பிடிக்கும், குளவியோ ஒரு முட்டைகூட வைக்க முடியாமல் சாகும். கடிக்கும்போது பல்லில் நறநறப்பவை குளவிகள் அல்ல, விதைகள்.

தனக்கு ஒரு வாரிசும் கிடைக்காத காய்க்குள் குளவி ஏன் நுழைகிறது? பெண் மரத்தைத் தவிர்க்கக் கற்ற குளவி ஒன்று தோன்றினால் அதன் சந்ததி பெருகி, கூட்டே குலைந்திருக்க வேண்டுமே? ஃபின் ஷெல்பெர்க்கும் அவருடைய சகாக்களும் தென் பிரான்ஸின் மொம்பெலியே பகுதியில் ஆராய்ந்து 1987-ல் வெளியிட்ட விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. எல்லாம் காலக்கணக்கு. ஆண் மரத்தின் குளிர்காலக் காய்களில் உறங்கிய புழுக்கள் வசந்தத்தில் குளவிகளாக வெளிவரும்போது, பூக்கத் தயாராக இருப்பவை ஆண் மரக் காய்கள் மட்டுமே. அங்கே முட்டை இடுகின்றன. அடுத்த தலைமுறை கோடையின் தொடக்கத்தில், உடம்பெல்லாம் மகரந்தம் படிந்து வெளியே வருகிறது. அந்த நேரத்தில் ஆண் மரத்தில் அடுத்த காய்கள் பெரும்பாலும் தயாராகியிருக்காது. திரும்பிய பக்கமெல்லாம் பெண் மரம்தான் அழைக்கிறது. குளவியின் ஆயுள் ஓரிரு நாள். நுழைந்தாலும் வாரிசில்லை, நுழையாவிட்டாலும் வாரிசில்லை. ஆகவே தவிர்க்கக் கற்றவற்றுக்குக் கூடுதல் ஆதாயம் எதுவும் இல்லை. சற்றுப் பிந்தி வெளிவரும் சில குளவிகள் ஆண் மரத்தின் அடுத்த காய்களைக் கண்டடைந்து வம்சத்தைக் காக்கின்றன.

சோலியெஸ் தோட்டக்காரர்களுக்கு இந்தக் குளவி கட்டாயமும் இல்லை. அவர்கள் வளர்க்கும் கருப்பு பூர்ஜசோத் ரகம் மகரந்தம் சேராமலே பழுக்கும். எப்போதோ தானாக அமைந்த இந்தக் குணத்தை மனிதர்கள் கண்டுகொண்டு, கிளையை ஒடித்து நட்டுத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். வேறு சில ரகங்கள் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும்: போன ஆண்டுக் கிளையில் கோடைத் தொடக்கத்திலும், இந்த ஆண்டுத் தளிரில் கோடை முடிவிலும்.

பருவத்தை வளைக்கவும் பிரெஞ்சுக்காரர்கள் முயன்றார்கள். பதினான்காம் லூயி மன்னருக்கு அத்தி என்றால் உயிர். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் அவருடைய தோட்டக்காரர் லா கெந்தினி நூற்றுக்கணக்கான அத்தி மரங்களைப் பெட்டிகளில் வளர்த்து, குளிர் வந்ததும் உள்ளே கொண்டுபோய் வைத்தார். பாரிஸ் அருகே அர்ஜாந்தேய் உழவர்களிடம் அத்தகைய வசதி இல்லை. இலை உதிர்ந்ததும் கிளைகளை வளைத்துக் குழியில் கிடத்தி மண்ணால் மூடினார்கள், வசந்தத்தில் நிமிர்த்தினார்கள். கோடையில் காயின் அடித்துளையில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் வைத்தால் பழம் சில நாள் முந்திப் பழுப்பதையும் கண்டிருந்தார்கள். எண்ணெய் காய்க்குள் எத்திலீன் சுரப்பைத் தூண்டுகிறது என்று பின்னாளில் அறிவியல் விளக்கியது. காய் தன் வளர்ச்சியின் சரியான கட்டத்தில் இருந்தால்தான் அந்தச் சொட்டு வேலை செய்யும். அந்த நாளை அவர்கள் பார்வையாலேயே கணித்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள்மேல் எனக்குப் பெருமதிப்பு கூடுகிறது.

சோலியெஸ் இருக்கும் புரோவான்ஸில் அத்தியோடு தட்டில் வருவது ஆட்டுப்பால் சீஸ். பானோன் என்ற சீஸைச் செஸ்ட்நட் இலைகளில் சுற்றி, நாரால் கட்டி விற்பார்கள். இந்தச் சேர்க்கைக்கும் பருவம்தான் காரணம். இலையுதிர் காலத்தில் பகல் குறுகக் குறுக ஆட்டின் மூளையில் மெலடோனின் சுரக்கும் நேரம் நீள்கிறது. இனச்சேர்க்கைக்கு அதுவே அழைப்பு. ஐந்து மாதச் சினைக்குப் பின், குளிர்கால முடிவில் குட்டி. அப்போது ஊறத் தொடங்கும் பால் இலையுதிர் காலத்தின் கடைசியில் வற்றும். அத்தியின் அறுவடைக்காலம் அந்தக் கறவைக்காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. மிஞ்சிய பழங்களை நாணல் தட்டிகளில் வெயிலில் உலர்த்துவார்கள். புரோவான்ஸ் கிறிஸ்துமஸ் விருந்தின் பதின்மூன்று இனிப்புகளில் உலர்அத்திக்கு ஓர் இடம் உண்டு. சாம்பல் அங்கி அணிந்த பிரான்சிஸ்கன் துறவிகளை அது குறிப்பதாகச் சொல்வார்கள்.