அன்றைக்கு எரிந்தது ஒரு தீ அல்ல, மூன்று

சோகையைக் கொளுத்தாதீர்கள், மூடாக்காகப் போடுங்கள் என்று இந்த இதழில் நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அப்படி எழுதியவனுடைய தோட்டத்தில்தான் 2018 மார்ச் மாதம் மூடாக்கு பற்றி எரிந்தது. அரை ஏக்கர் வாழை போச்சு. 38 தென்னை கருகி, அதில் 11 மரம் பிழைக்கவே இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மீது பழி போட்டேன். பத்து மாசம் அவரும் நானும் முகம் பார்த்துப் பேசவில்லை.

தப்பு யாருடையது என்று எனக்குப் புரிய வைத்தது அமெரிக்காவில் எரிந்த ஒரு தீ. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே ராத்திரியில் பல தீ

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் 2017 கடைசியில் மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்தோம். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஒரு ஊர். அக்டோபர் 9, திங்கட்கிழமை காலை எழுந்து கதவைத் திறந்தால் புகை வாடை. நம்ம ஊர் ஞாபகத்தில், "யாரோ சோகை கொளுத்தறாங்க போல" என்றேன். மகள் டிவியைப் போட்டாள். எரிந்துகொண்டிருந்த இடம் எங்களுக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அடுத்த சில நாளில் கடைகளில் முகக்கவசம் தீர்ந்துவிட்டது, பள்ளிக்கூடங்களை மூடினார்கள்.

அக்டோபர் 8 ராத்திரி, மலைப்பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசும் வறண்ட காற்று அடித்திருக்கிறது. அங்கே அதற்கு 'டயாப்லோ காற்று' என்று பேர். அந்தக் காற்றில் வடக்குக் கலிபோர்னியா முழுக்க அடுத்தடுத்துத் தீ. அந்த அக்டோபரில் மட்டும் 170-க்கு மேற்பட்ட தீ, 2,45,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, 44 பேர் செத்தார்கள்.

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒரு விஷயம். எரிந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு தீக்கும் ஒரு பெயர் இருந்தது. டப்ஸ், நன்ஸ், அட்லஸ், ரெட்வுட், சல்பர், கேஸ்கேட், பார்ட்ரிக், அடோபி. ஒன்றுக்கு '37' என்றே பேர்.

பெயர் எதற்கு?

மருமகன் விளக்கினார். தீ முதலில் தெரிய வந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரோடு, ஓடை, மலை, பள்ளத்தாக்கு, ஏதாவது ஒன்றின் பெயரை உடனே வைத்துவிடுவார்களாம். முதலில் போய்ச் சேரும் அதிகாரியோ, வண்டி அனுப்பும் கட்டுப்பாட்டு அறையோ வைப்பது. காலிஸ்டோகா ஊரில் டப்ஸ் லேன் என்ற தெருப்பக்கம் பிடித்தது டப்ஸ் தீ. நன்ஸ் என்றால் கன்னியாஸ்திரிகள் கொளுத்தியது இல்லை. நன்ஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு. '37' என்பது நெடுஞ்சாலை நம்பர்.

பக்கத்துப் பக்கத்துத் தீயை ஒரே அதிகாரியின் கீழ் கொண்டுவந்தால் அதற்குக் 'காம்ப்ளெக்ஸ்' என்று ஒரு பொதுப்பெயர் வைக்கிறார்கள். நன்ஸ் தீயோடு நார்பாம், அடோபி, பார்ட்ரிக் தீயெல்லாம் ஒன்றாகக் கலந்தே போயின. ஆனாலும் விசாரணை என்று வரும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி அறிக்கை. கலந்துவிட்டது என்பதற்காகக் கணக்கைக் கலப்பதில்லை.

34 வருஷம் லெட்ஜரோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது சுலபமாகப் புரிந்தது. யார் கணக்கு என்று தெரியாமல் ஒரு தொகை வந்தால் அதை சஸ்பென்ஸ் அக்கவுண்டில்தான் வைக்க வேண்டும். தெரிந்த முகம் ஒன்று இருக்கிறதே என்று அவர் கணக்கில் ஏற்றிவிடக் கூடாது. புரிந்து என்ன பயன்? ஊருக்குத் திரும்பி நாலே மாசத்தில் நான் அதைத்தான் செய்தேன்.

என் தோட்டத்தில்

எங்கள் தோட்டம் மலையடிவாரத்தில் இருக்கிறது. கிழக்குக் கடைசியில் வீடு, அதை ஒட்டி மோட்டார் ரூம், அங்கிருந்து மேற்கே தென்னையும் ஊடே வாழையும். மேற்கு எல்லையில் கிளுவை வேலி, வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப்புறம் அண்ணனுடைய கரும்பு.

அன்றைக்கு மத்தியானம் மூன்று இடத்தில் புகை. மேலே மலைச்சரிவில், அண்ணனுடைய வெட்டுன கரும்புக்காட்டில், அப்புறம் என் தென்னைக்குள். மலைத்தீ இறங்கிவிட்டதென்று ஊரில் ஒரு பேச்சு. அண்ணன் கொளுத்திய சோகைத் தீ வாய்க்கால் தாண்டிவிட்டது என்று என் பேச்சு. அவர் தன் சோகையைப் பாத்தி பாத்தியாக, நாலு ஆளை நிறுத்தித்தான் எரித்திருக்கிறார். அந்த நாலு ஆளும் அவரும் அதை விட்டுவிட்டு ஓடி வந்துதான் என் தென்னையை அணைத்தார்கள். அது என் கண்ணில் படவில்லை.

மறுநாளே மரம் மரமாக நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். வங்கிப் புத்தி. தென்னைகளில் மேற்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் கரி ஏறியிருந்தது, கிழக்குப் பக்கம் முழங்கால் உயரம்தான். "மேக்கெ இருந்துதான் தீ வந்திருக்கு, மரமே சாட்சி" என்று பெரியவர்கள் முன்னால் போட்டோவைக் காட்டினேன். நஷ்டக் கணக்கு 1,40,000 ரூபாய் என்று டைப் அடித்துக் கொடுத்தேன். அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மேனேஜருங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நான் பண்ணலீங்க." பணம் தரவில்லை. நானும் விடவில்லை.

இன்னொரு விளைவும் வந்தது. "மூடாக்குப் போட்டா இப்படித்தான்" என்று ஊரில் பேச்சு பரவியது. என்னைப் பார்த்து மூடாக்கு ஆரம்பித்திருந்த இரண்டு இளைஞர்கள் அதையெல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். அதையும் வேடிக்கை பார்த்தேன்.

டப்ஸ் தீயின் அறிக்கை

கலிபோர்னியாவில் காரணம் கண்டுபிடிக்க அவசரப்படவில்லை. 2018 மே 25-ல் நாலு தீக்கு அறிக்கை, ஜூன் 8-ல் பன்னிரண்டுக்கு. பி.ஜி. அண்டு இ. என்ற மின்சாரக் கம்பெனியின் கம்பிகளும் சாமான்களும்தான் காரணம் என்று சொன்னார்கள். அதிலும் மொத்தமாக 'கரண்டுக் கம்பி' என்று எழுதிவிடவில்லை. அட்லஸ் தீ இரண்டு இடத்தில் பிடித்தது. ஓரிடத்தில் பெரிய கிளை முறிந்து கம்பியில் பட்டது, இன்னோரிடத்தில் மரமே சாய்ந்தது. அடோபியில் யூகலிப்டஸ் மரம், பார்ட்ரிக்கில் ஓக் மரம். சல்பர் தீயில் கம்பமே விழுந்தது. அக்டோபரில் வந்த கேஸ்கேட் அறிக்கையில், தொய்ந்த கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசியது காரணம்.

மிச்சம் இருந்ததில் பெரியது டப்ஸ். 22 உயிர், 36,807 ஏக்கர், 5,636 கட்டிடங்கள். சான்டா ரோசா நகரத்துக்குள் நெடுஞ்சாலையையே தாண்டிக் குதித்து ஒரு குடியிருப்பையே தரைமட்டமாக்கிய தீ. 1964-ல் ஏறத்தாழ இதே பாதையில் ஒரு தீ வந்திருக்கிறது. 53 வருஷத்தில் அந்தப் பாதை முழுக்க வீடு முளைத்துவிட்டது. மற்றதெல்லாம் கம்பெனிக் கம்பி என்பதால் இதுவும் அதேதான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

2019 ஜனவரி 24-ல் மாநிலத் தீயணைப்புத் துறை அறிக்கை வந்தது. ஒரு வீட்டை ஒட்டியிருந்த தனியாருடைய சொந்த மின் இணைப்புதான் காரணம், கம்பெனிக் கம்பி இல்லை என்றார்கள். பாதிக்கப்பட்டவர்களின் வக்கீல்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு நடந்த சமரசத்தில் இந்தத் தீக்கும் சேர்த்துக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. அது வேறு கதை. பதினைந்து மாசம் கழித்தும், ஊரே ஒரு பக்கம் கை காட்டும்போது, விசாரித்தவர்கள் கண்ட தடயத்தை மட்டும் எழுதினார்கள் என்பதைத்தான் நான் கவனித்தேன்.

மகள் போனில் இதைச் சொன்னபோது, "எப்படிம்மா கண்டுபிடிக்கிறாங்க?" என்று கேட்டேன். காட்டுத்தீ விசாரணை முறை பற்றி மருமகன் சிலதை அனுப்பினார்.

தீ எங்கே முடிந்ததோ அங்கிருந்து பின்னோக்கிப் போகிறார்கள். கல்லின் எந்தப் பக்கம் புகை படிந்திருக்கிறது, எந்தப் பக்கம் புல் தப்பித்திருக்கிறது, இலை எந்தத் திசையில் வளைந்து காய்ந்து நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கொடி நடுகிறார்கள். தீ வேகமாக முன்னேறிய இடத்துக்குச் சிவப்பு, பக்கவாட்டில் பரவியதற்கு மஞ்சள், காற்றை எதிர்த்து மெதுவாக வந்ததற்கு நீலம். கொடிகளைச் சேர்த்துப் பார்த்தால் பிடித்த இடம் ஒரு சின்ன வட்டத்துக்குள் வந்துவிடும். பிறகு இடி, சிகரெட், குப்பை எரிப்பு, வண்டி, மின்சாரம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார்கள்.

அதில் ஒரு படம் மரத்தைப் பற்றியது. காற்றோடு ஓடும் தீ மரத்தைக் கடக்கும்போது காற்று மரத்தைச் சுற்றிப் போய் முதுகுப்பக்கம் சுழல்கிறது. அந்தச் சுழலில் தீ மேலே ஏறுகிறது. ஆகவே தீ வந்த பக்கம் கரி தாழ்வாகவும், தீ போன பக்கம் கரி உயரமாகவும் இருக்கும்.

போனைக் கீழே வைத்துவிட்டேன். என் தென்னைகளில் மேற்கே உயரம், கிழக்கே தாழ்வு. தீ மேற்கிலிருந்து வரவில்லை, மேற்கு நோக்கிப் போயிருக்கிறது. நான் காட்டிய சாட்சியே எனக்கு எதிர்ச்சாட்சி.

வீட்டுக்காரியிடம், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டேன். "கீகாத்துங்க. அத்தனை எரிஞ்சும் வீட்டுக்குள்ள புகையே வரல, ஞாபகமில்லையா?" என்றாள். பத்து மாசமாக அவளிடம் கேட்கவே இல்லை. போட்டோக்களைத் திரும்பப் பார்த்தால், வாய்க்கால் ஓரத்து அருகு பச்சையாகவே நிற்கிறது. தீ அங்கே வந்து செத்திருக்கிறது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு மோட்டார் ரூமிலிருந்து பார்த்தோம். தென்னைக்குள் ஒரு பல்பு போட நானே இழுத்த வயர். வேப்பமரத்துக் கிளை வழியாகப் போகும் இடத்தில் ஒரு ஜாயிண்ட், மேலே டேப் சுற்றியது. வயர் அந்த இடத்தில் அறுந்து தொங்கியது. முனை உருகிக் குண்டுமணி போல உருண்டிருந்தது. கிளை ஆடி ஆடி டேப்பைத் தேய்த்திருக்கிறது. நேர் கீழே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சோகை. செலவு மிச்சம் என்று நான் போட்ட ஜாயிண்ட்.

மலையில் எரிந்தது தனி என்று வனக்காவலர் முன்பே சொல்லியிருந்தார். யாரோ சமைத்துவிட்டு அணைக்காமல் போன அடுப்பு. ஆக, மலையடுப்புத் தீ, சோகைத் தீ, மோட்டார் ரூம் தீ. அன்றைக்கே மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்திருந்தால் மூன்று காரணம் தேடியிருப்பேன். 'அன்னிக்குப் புடிச்ச தீ' என்று ஒரே பேரில் சொன்னதால் ஒரே ஆளைத் தேடினேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உருகிய வயரைக் கையில் கொடுத்து, "தப்பு என்னுதுங்கண்ணா" என்றேன். புரட்டிப் பார்த்தார். "உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்" என்றார். அடுத்த வாரம் அதே பெரியவர்கள் முன்னால் இதே சேதியைச் சொன்னேன். தனியாகக் கேட்ட மன்னிப்பு போதாது. பழியைச் சபையில் போட்டவன் சபையில்தான் எடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

மூடாக்கை விட வேண்டாம். ஈரப்பதம் காக்கும் அதே சோகை, கோடையில் மேல்பக்கம் சருகு என்பதை மறக்க வேண்டாம். மோட்டார் ரூம், மின்கம்பம், ஜாயிண்ட் இவற்றைச் சுற்றிப் பத்தடிக்கு மூடாக்குப் போடாமல் வெறும் மண்ணாக வைத்திருக்கிறேன். தோட்டத்தின் குறுக்கே இரண்டு இடத்தில் தை கடைசியிலேயே உழவு ஓட்டி இடைவெளி விடுகிறேன். சோகை மேல் ஜீவாமிர்தமும் தண்ணீரும் மாசி, பங்குனியில் அடிக்கடி தெளித்தால் சீக்கிரம் மக்கும்.

மரத்துக்குள் வயர் வேண்டாம். கட்டாயம் என்றால் ஜாயிண்ட் இல்லாத முழு வயர், குழாய்க்குள். வருஷம் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கம்பெனிக் கம்பியைத் தொடும் கிளையை நீங்கள் வெட்டாதீர்கள். மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

தீ பிடித்துவிட்டால், அணைத்தபின் மணி என்ன, காற்று எந்தப் பக்கம், யார் முதலில் பார்த்தார்கள் என்று அன்றே எழுதுங்கள். பிடித்த இடம் என்று தோன்றுவதை மிதிக்காமல் விடுங்கள். ஒவ்வொரு மரத்தையும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். தெரியும் வரை யார் பேரிலும் ஏற்றாதீர்கள், சஸ்பென்ஸில் வையுங்கள்.

அந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் திரும்ப மூடாக்குப் போட ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் இன்னும் நம்பவில்லை. அண்ணன் இப்போது பாதிக் காட்டில் சோகையை மடக்கிப் போடுகிறார், பாதியைக் கொளுத்துகிறார். கொளுத்துவதற்கு முந்தின நாள் போன் வரும்: "மேனேஜரே, நாளைக்குக் காத்தாலெ. வந்து வாய்க்கால்கிட்ட நில்லுங்க." போய் நிற்கிறேன்.