உள்ளங்காலில் சந்திக்கும் இரண்டு வருத்தங்கள்

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’ முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். ஆனால் சலரோகக்காரருக்கு, அதாவது நீரிழிவு நோயாளருக்கு, பத்தியம் சொல்வதற்கு மேல் செய்யக்கூடியது அன்று அதிகம் இல்லை. அவர் 1873இல் தாயகம் திரும்பி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1921இல்தான் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை, சிறுவயதில் இந்த வருத்தம் வந்த பிள்ளை பிழைத்து வளர வழியே இருக்கவில்லை.

இன்சுலின் வந்தபிறகும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதைக் காப்பாற்றி வைப்பது பெரும்பாடாயிற்று. குளிரில் வைக்கவேண்டிய மருந்து அது. 1990களின் போரில் மின்சாரமே இல்லை. 2005–06இல் இலங்கையின் நீரிழிவு நோயாளரைக் கணக்கெடுத்தபோதும் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. மற்ற ஏழு மாகாணங்களில் வளர்ந்தவர்களில் 10.3 வீதம் பேருக்கு நோய் இருந்தது. 2018–19இல் நாடு தழுவிய ஆய்வு காட்டியது 23 வீதம்.

காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். போரில் பெற்றோல் இல்லாத நாட்களில் ஊரே சைக்கிள் மிதித்தது. இன்று சந்திக்கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். குரக்கன் புட்டும் ஒடியல் கூழும் எப்போதாவது. பாணும் கொத்து ரொட்டியும் சோடாவும் அடிக்கடி. போர்க்காலத்தை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. அன்று கட்டாயத்தால் நடந்த உடலுழைப்பை இன்று நாமாகத் தேடிச் செய்யவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வருத்தமான மெலனோமாவின் கதை வேறு. தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் தோன்றும் புற்றுநோய் இது. வெள்ளைத்தோல் மக்களிடம் வெயிலால் பெருகுவது. கறுத்த தோலுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் நம்மவருக்கு வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களையே பெரும்பாலும் பிடிக்கிறது. பாடகர் பொப் மார்லிக்கு வந்தது கால்விரல் நகத்தடியில்தான். 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

யாழ்ப்பாணத்துப் புற்றுநோயாளிக்கு அன்று தெற்கே மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலை என்பது நோயைவிடப் பெரிய அச்சம். தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டியிருந்த காலத்தில் அங்கு போய்ச்சேர்வதே ஒரு போராட்டம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து நிதி திரட்டினார்கள். அந்த நிதியின் உதவியோடு 2013இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

மருந்தும் மாறிவிட்டது. உடலெங்கும் பரவிய மெலனோமாவுக்கு முன்னர் மருத்துவர்கள் மாதக்கணக்கில்தான் ஆயுள் சொன்னார்கள். நம் நோயெதிர்ப்புக் கலங்களைப் பிடித்துவைத்திருக்கும் பிரேக்கை விடுவித்தால் அவையே புற்றை அழிக்கும் என்று ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹொஞ்ஜோவும் காட்டினார்கள்; 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வழியில் வந்த இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். ஆனால் உள்ளங்கால் மெலனோமா இந்த மருந்துகளுக்கு அவ்வளவாக மசிவதில்லை. விலையும் எட்டாத உயரம்.

இரு நோய்களும் முதலில் கைகோர்ப்பது இந்த மருந்துகளில்தான். பிரேக் விடுபட்ட கலங்கள் சிலவேளை கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களையும் அழித்துவிடும். சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு, புற்றைக் குறைக்கும் மருந்தே வாழ்நாள் முழுவதும் இன்சுலின் போடவேண்டிய சீனி வருத்தத்தைக் கொடுக்கிறது. இதனால், பிள்ளைகளுக்குச் சலரோகம் எப்படி வருகிறது என்று ஆராய்பவர்களுக்கும் புற்றுநோய் விடுதி ஒரு பாடசாலை ஆகியிருக்கிறது.

குடாநாட்டுக்கு இதைவிட அவசரமான சந்திப்பு உள்ளங்காலில் இருக்கிறது. நீண்டகாலச் சீனி வருத்தம் காலின் உணர்ச்சியைக் குறைக்கும். புண் வந்தாலும் வலி தெரியாது. அங்கே தோன்றும் மெலனோமாவைச் ‘சீனிப் புண்’ என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கட்டிக்கொண்டிருப்பது உலகெங்கும் மருத்துவர்கள் பதிவுசெய்த தவறு. பரவுமுன் வெட்டி எடுத்தால் குணமாகக்கூடிய நோய் இது. விலையுயர்ந்த மருந்தும் தேவைப்படாது. கிளினிக்கில் இரத்தச் சீனி பார்க்கும் நாளில் செருப்பைக் கழற்றச் சொல்லி இரு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்ப்பது, ஆறாத புண்ணிலும் கறுத்துப் பரவும் புள்ளியிலும் சிறு துண்டெடுத்துப் பயொப்சிக்கு அனுப்புவது: நோபல் பரிசு வரை போன அறிவியலுக்குக் காத்திராமல் யாழ்ப்பாணம் இன்றே செய்யக்கூடிய மலிவான காரியம் இந்த இரண்டும்தான்.